மதகடியில் கழியும் மாலைகள்: வன்னிப் பிள்ளைகள் குழுக்களிடம் போகாதிருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மதகுக்கு மதகு நான்கைந்து இளைஞர்கள் குந்தியிருப்பார்கள். பகல் வெக்கை தணிந்து வயற்காற்று வரும் நேரம் அது. அந்தக் காற்றுக்கு மதகில் குந்தாதவர் வன்னியில் குறைவு. நானும் அந்த வயதில் குந்தியவன்தான். ஆகவே மதகில் இருப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அங்கே வந்து நிற்கும் மோட்டார் சைக்கிளைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அதில் வருகிறவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையில் ஐந்து கொத்துரொட்டிப் பார்சல். எதையும் கேட்க மாட்டான். "சாப்பிடுங்கள் தம்பிமார்" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவன். இப்போது ஒரு கிராமத்துக் கழகத்தில் மாலை வேளையில் கரப்பந்தாட்ட வலை கட்டுகிறேன். வாள்வெட்டு, கஞ்சா, கள்ளமணல் என்று பிள்ளைகள் சிக்கிய வழக்குகளில் பெற்றோருக்குத் துணையாக நீதிமன்ற வாசலில் நின்றிருக்கிறேன். அங்கே நான் கேட்ட கதைகளில் எதுவும் வாளோடு தொடங்கியதாக நினைவில்லை. ஒரு பார்சல் சாப்பாடு, ஒரு லீற்றர் பெற்றோல், ஒரு ரீலோட் என்றுதான் தொடங்கின. இந்த வேலைகளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் குழு முதலில் கொடுக்கும், பிறகுதான் கேட்கும். பிள்ளை யாரிடம் கடன்படுகிறான், நாம் அதை எப்படி முந்துவது, பட்டுவிட்டால் எப்படித் தீர்ப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். பெற்றோர், ஆசிரியர், கழகத்து மூத்தவர்கள், ஊரில் ஒரு தம்பியைப் பற்றிக் கவலையோடு இருக்கும் அக்காமார் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதற்படி: கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறதென்று தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளையை யாரோ கடத்திக்கொண்டு போவதுபோலப் பெற்றோர் நினைக்கிறார்கள். வன்னியில் அந்த நினைப்புக்குக் காரணம் உண்டு. போரின்போது கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளையை ஒளித்து வைத்திருந்த காலத்தை இங்கே உள்ள தாய்மார் மறக்கவில்லை. ஆனால் இன்றைய குழு வேலியால் எட்டிப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போவதில்லை. பிள்ளை தானே நடந்து போகிறான்.

வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் சாப்பாடு, சோடா, பெற்றோல், ஃபோனுக்கு ரீலோட். இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு சின்ன உதவி: "தம்பி, இந்தப் பையை அந்தச் சந்தியில் நிற்கிற அண்ணையிடம் கொடுத்துவிடு." அல்லது இரவில் மணல் டிப்பர் போகும் ஒழுங்கையில் நின்று, பொலிஸ் ஜீப் வந்தால் ஓர் அழைப்பு. அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் கைக்கு வரும். கூலி வேலைக்குப் போய் வெயிலில் காய்ந்து வாங்கும் காசை அரைமணி நேரத்தில் வாங்கிய பிள்ளைக்குத் தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வரும். அதற்குப் பிறகு ஒரு படம். வாளைக் கையில் கொடுத்து, முகத்தைப் பாதி மறைத்து எடுப்பார்கள். விளையாட்டாகத்தான் எடுப்பார்கள். அந்தப் படம் யாருடைய ஃபோனில் இருக்கிறதென்பதுதான் கதை. விலக வேண்டும் என்று பிள்ளை சொல்லும் நாளில் அது வெளியே வரும்.

கடைசியாக வருவது "ஒருக்கால் வந்து நின்றால் காணும்" என்ற அழைப்பு. யாரையோ வெருட்டப் போகிறார்கள். அடிக்கத் தேவையில்லை, மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். இதில் சட்டம் சொல்வதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவின்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ குற்ற நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதமான கூட்டம். அந்தக் கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்யும் குற்றத்துக்கு அங்கே நின்ற எல்லோரும் பொறுப்பு என்று 146ஆம் பிரிவு சொல்கிறது. வாள் வீசியவனும் சைக்கிள் பிடித்தவனும் ஒரே குற்றவாளிக் கூண்டில்தான் நிற்பார்கள். "நான் ஒன்றும் செய்யவில்லை ஐயா" என்று அழுத பதினெட்டு வயதுக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை; நின்றார்கள், அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகளுக்கு வேறு வாசல். காதல், பிறகு படம், பிறகு அந்தப் படத்தை வைத்து ஏவல்: பொருளை வீட்டில் வைத்திரு, தோழியைக் கூட்டி வா. அங்கேயும் கடனின் வடிவம் ஒன்றுதான்.

இரண்டாம் படி: நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு கொப்பித் தாளை எடுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை, மாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை உங்கள் பிள்ளை எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். என் அனுபவத்தில் ஏழு நாளில் நான்கு நாள் வெறுமையாகவே இருக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டாம். போருக்குப் பிறகு தாய் ஒருத்தியே நடத்தும் குடும்பங்கள் வன்னியில் ஏராளம். ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது இருட்டிவிடும். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டவே நேரம் போதாது. நுண்கடன் தவணை வேறு நெஞ்சில் இருக்கும்.

எல்லா வெறுமையையும் நிரப்ப முயலாதீர்கள், முடியாது. கிழமையில் இரண்டு மாலைகளை நிரப்பினால் போதும். ஒன்று வெளியே: கழகம், வாசிகசாலை, கோயில் தொண்டு, மேள வகுப்பு, எதுவாயினும். மற்றது உள்ளே: தாயோடோ தாத்தாவோடோ சேர்ந்து செய்யும் ஒரு வேலை. பயிற்றங்காய்ப் பாத்திக்குத் தண்ணீர் விடுவது, கோழிக்கூடு திருத்துவது, வேலிக்குக் கதியால் போடுவது. பிள்ளை முணுமுணுப்பான். முணுமுணுத்தாலும் செய்துவிடுவான்.

ஆண்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பயம் தரும் காலம் ஒன்று உண்டு. சாதாரண தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள். சீருடை இல்லை, மணி அடிக்காது, ரியூசன் இல்லை, பதினாறு வயது. நான் அறிந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் வழி மாறியது இந்த இடைவெளியில்தான். கடைசிப் பாடம் எழுதுவதற்கு முன்பே அடுத்த திங்கட்கிழமைக்கு என்ன என்று தீர்மானித்து வையுங்கள். வாகனம் திருத்தும் இடத்தில் உதவியாளாகவோ, கணினி வகுப்பிலோ, மாமாவின் கடையிலோ இருக்கட்டும். "கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லும் பெற்றோரை நான் ஒவ்வொரு வருடமும் கெஞ்சிக் கேட்கிறேன். ஓய்வு ஒரு கிழமைக்குப் போதும்.

மூன்றாம் படி: அறிகுறியையும் அலங்காரத்தையும் பிரித்துப் பாருங்கள்

இதை எழுதும்போது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. பல வருடங்களுக்கு முன், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் இரு பக்கமும் வழித்து நடுவில் மட்டும் முடி விட்டு வந்தான். "இந்தத் தலையோடு வகுப்புக்குள் வரக் கூடாது, வெட்டிவிட்டு வா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அவனிடம் முடி வெட்டக் காசில்லை என்பதும், அன்று அவனுக்கு முடி வெட்டிவிட்டதே மதகடியில் ஓர் அண்ணன் என்பதும் பிறகுதான் தெரிந்தது. திருப்பி அனுப்பினேன், அவன் அந்த அண்ணனிடமே போனான். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. குழுவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவன் நான்தான் என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

முடியும், காதுக் கடுக்கனும், கிழிந்த ஜீன்சும், கத்திப் பாடும் பாட்டும் அறிகுறி அல்ல. பதினாறு வயது அது. பார்க்க வேண்டியவை வேறு. எங்கிருந்து வந்ததென்று சொல்ல முடியாத ஃபோன், சப்பாத்து. இரண்டாவது சிம். குறிப்பிட்ட ஒரு வீதியால் போகப் பயப்படுவது, அல்லது கடைக்குப் போகச் சொன்னால் தம்பியை அனுப்புவது. நெடுநாள் கூட்டாளி ஒருவன் வீட்டுக்கு வருவதைத் திடீரென்று நிறுத்துவது. இதுதான் நான் அதிகம் நம்பும் அறிகுறி, நல்ல கூட்டாளிக்கு நம்மை விட முதலில் தெரிந்துவிடும். அவனை வழியில் கண்டால் நின்று கதையுங்கள்.

ஐஸ் என்ற போதைப்பொருள் வேறு மாதிரி. கஞ்சா குடித்தவன் மந்தமாக இருப்பான், கசிப்பு மணக்கும். ஐஸ் எடுத்தவன் இரண்டு மூன்று நாள் தூங்காமல் உற்சாகமாகத் திரிவான், பசிக்காது, உடம்பு மளமளவென்று மெலியும், பிறகு ஒரு நாள் முழுவதும் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவான். யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லத் தொடங்கினால் பேய் பிடித்ததென்று நூல் கட்டப் போகாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நூலையும் கட்டுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை; ஆனால் வைத்தியசாலைக்கு முதலில்.

நான்காம் படி: பேசுங்கள், ஆனால் வாசலில் வைத்துப் பேசாதீர்கள்

பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு வருகிறான். தாய் விளக்கோடு வாசலில் நிற்கிறாள். "எங்கே போய்த் தொலைந்தாய்? நாங்கள் பங்கருக்குள் கிடந்து உன்னைக் காப்பாற்றியது இதற்கா?" நான் அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் கிடையாது. இன்று மேல் வகுப்பில் இருப்பவர்கள் 2009 இன் பின் பிறந்தவர்கள், அல்லது அந்த வருடம் கைக்குழந்தைகள். அவர்களுக்குப் போர்க்காலப் பங்கர், அதாவது பதுங்குகுழி, நினைவில்லை; போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் பெரியவர்களின் வாயில் வரும் ஒரு பெயர். பெற்றோர் பட்டதை அவர்கள் மதிக்கவில்லை என்றில்லை. தீர்க்கவே முடியாத ஒரு கடனாக அதை அவர்கள் முன் வைத்தால், தீர்க்கக்கூடிய சின்னக் கடன் தரும் இடத்துக்குப் போவார்கள்.

வந்தவுடன் சோற்றைப் போடுங்கள். அன்றிரவு அவ்வளவுதான். அடுத்த நாள், கை வேலையாக இருக்கும்போது பேச்சை எடுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காத வேலை நல்லது: விறகு அடுக்குவது, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவது. கேள்வி சின்னதாக இருக்கட்டும். "ராசா, நேற்று அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிள் யாருடையது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தப் பேசாமல் இருப்பதுதான் கடினம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போகும். அவன் "யாரோ ஓர் அண்ணை" என்பான். "நல்ல பிள்ளையா?" என்று கேளுங்கள். அவனையே தீர்ப்புச் சொல்ல விடுங்கள்.

தந்தை இல்லாத வீட்டில், தாய் எல்லாவற்றையும் தானே பேசத் தேவையில்லை. பிள்ளை மதிக்கும் ஒரு பெரியவரைத் தேடுங்கள். அவர் படித்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. எங்கள் ஊரில் இந்த வேலையை மிக நன்றாகச் செய்தவர் ஓர் உழவு இயந்திர ஓட்டுநர். பிள்ளையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போவார், அவ்வளவுதான். இயந்திரச் சத்தத்துக்குள் அதிகம் பேசவும் முடியாது. போய்த் திரும்புவதற்குள் பிள்ளை ஏதாவது சொல்லியிருப்பான்.

இனி மறுக்கும் சொற்கள். "வேண்டாம் என்று சொல்" என்று அறிவுரை சொல்வது எளிது. பத்துப் பேர் நடுவில் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு மானம் போகும். அவன் மானத்தோடு வெளியே வர ஒரு வழியை நாம் கொடுக்க வேண்டும். உங்களையே சாட்டாக அவனுக்குக் கொடுங்கள்: "எங்கள் அம்மா பொல்லாதவர், ஏழு மணிக்கு வரவில்லையென்றால் றோட்டுக்கு வந்து கத்துவார்." இதைச் சொல்லச் சொல்லி வீட்டிலேயே பழக்குங்கள். நீங்கள் ஊருக்குள் பொல்லாத தாய் என்று பெயரெடுப்பது மலிவான விலை. என் கழகத்தில் இதற்கு மேலும் ஒன்று செய்கிறோம். வீட்டுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ஒரு வசனத்தைத் தீர்மானித்து வைக்கச் சொல்கிறோம். பிள்ளை ஃபோனில் "அம்மா, கோழிக்குத் தீன் போட்டீர்களா?" என்று கேட்டால், உடனே தாய் உரத்த குரலில் ஏசி வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அந்த ஏச்சுக் கேட்க வேண்டும். ஒரு தாய் இதை மறந்து, "போட்டேன் அப்பன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே ஒத்திகை பாருங்கள்.

ஐந்தாம் படி: கடனைத் தீர்த்து விடுங்கள்

பிள்ளை ஏற்கெனவே வாங்கிவிட்டான் என்று தெரிகிறது. உடனே பெற்றோர் செய்யும் காரியம் ஃபோனைப் பறிப்பது, கொழும்பில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்புவது. அனுப்புவதில் சில வேளை பயன் உண்டு. ஆனால் கடன் அப்படியே நிற்கும். திரும்பி வரும் நாளில் அதே மதகில் அதே மோட்டார் சைக்கிள் நிற்கும்.

முதலில் கணக்கு எடுங்கள். கோபப்படாமல், கொப்பித் தாளில், என்னென்ன வாங்கினாய் என்று எழுத வையுங்கள். அடிக்க மாட்டேன் என்று சொன்னால் அடிக்கக் கூடாது. பெற்றோல் எவ்வளவு, ரீலோட் எவ்வளவு, ஃபோன் யாருடையது. தொகை பெரும்பாலும் நாம் பயந்ததை விடச் சிறியதாக இருக்கும். பணத்தை வீட்டார் கட்டலாம், ஆனால் பிள்ளை அதை உழைத்து வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டும். கொடுத்தவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளையின் வேலை அல்ல, தாயின் வேலையும் அல்ல. அந்தப் பையனின் வீட்டாரை அறிந்த ஒருவர் ஊரில் இருப்பார், அவர் போகட்டும். சண்டைக்குப் போவதுபோல நாலு பேர் போகக் கூடாது. "பிள்ளை வாங்கிய காசு இது, தாய் தந்துவிட்டார், இனி அவனுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம்." இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் பேச வேண்டாம். யார் என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கவும் வேண்டாம். அந்தப் பையனும் ஒரு காலத்தில் யாரிடமோ பார்சல் வாங்கியவன்தான்.

மிரட்டல் வந்தால், படத்தைப் போடுவோம் என்று சொன்னால், கதை மாறுகிறது. இனி ஊருக்குள் பேசித் தீர்க்கும் விடயமல்ல இது. வந்த செய்திகளை அழிக்காமல் வையுங்கள். வன்னியில் சீருடையைக் கண்டால் கால் பின்வாங்கும். காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு என்று ஒன்று உண்டு. தனியே போகாதீர்கள். சமாதான நீதவான், பங்குத் தந்தை, அதிபர், கிராம அலுவலர் என யாராவது ஒருவரோடு போய், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த ஃபோனிலிருந்தும் அழைக்கலாம்.

ஆறாம் படி: காசு தேடும் நேர்வழியைக் காட்டுங்கள்

"படி, படி" என்ற சொல் சில பிள்ளைகளுக்குச் சுவர். கணிதம் சித்தியடையாதவனுக்கு எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அவனே நம்பிவிடுகிறான். பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். அது பிழை.

சாதாரண தரத்தில் சித்தியடையாவிட்டாலும் பாடசாலையிலேயே தொடரக்கூடிய பதின்மூன்று ஆண்டு உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் 2017 முதல் நாட்டில் இருக்கிறது; அதில் தொழிற்பாடங்கள் உண்டு. உங்களுக்குக் கிட்டிய எந்தப் பாடசாலையில் இருக்கிறதென்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குப் பக்கத்திலேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 2016 இல் திறக்கப்பட்டது. வாகனத் தொழில்நுட்பம், கட்டடம், உணவு, தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வரை படிக்கலாம். அந்தத் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் ஒரு தேர்ந்த தொழிலாளிக்குரியது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மேசன் வேலை தெரிந்த பிள்ளைக்கு அதே படிகளில் ஏறிப் போக வழி உண்டு என்று சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறையே ஒத்துவராதவனுக்குத் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை வேலைத்தளத்திலேயே பழகும் பயிற்சியைத் தருகிறது. பிரதேச செயலகத்துக்குப் போனால் இளைஞர் சேவை உத்தியோகத்தர் இருப்பார். விண்ணப்பப் படிவத்துக்கு அவரைப் பிடியுங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். முதல் தடவை "அவர் வெளியே போய்விட்டார், நாளைக்கு வாருங்கள்" என்ற பதில் கிடைக்கும். தனியே போன பிள்ளை நாளைக்குப் போக மாட்டான்.

ஒரு விடயத்தில் அவசரப்பட வேண்டாம். பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 முதல் பதினாறுதான். பதினான்கு வயதுப் பிள்ளையை மணல் ஏற்ற அனுப்பிவிட்டு, அங்கே பழகிய சேர்க்கையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மாமாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். உங்கள் பாசம் பெரியது, உழைப்பு கடுமையானது. ஆனால் பதினேழு வயது மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்காதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை, வேலை இல்லை, வண்டி மட்டும் இருக்கிறது. குழுக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். அந்தக் காசைப் பயிற்சிக் கட்டணமாகவும் பஸ் காசாகவும் மாதாமாதம் அனுப்புங்கள். பிள்ளையின் கையில் கொடுக்காமல் தாயின் கணக்குக்கு.

ஏழாம் படி: ஊர் செய்ய வேண்டியது

சனசமூக நிலையம் என்று பெயர்ப்பலகை தொங்கும் கட்டடங்கள் ஊருக்கு ஊர் உண்டு. பலவற்றில் பூட்டுத் துருப்பிடித்துவிட்டது. திறப்பு யாரிடம் என்று கேட்டால் தலைவரிடம், தலைவர் வவுனியாவில். ஊரின் முதல் வேலை அந்தத் திறப்பை ஊருக்குள் கொண்டுவருவது. ஒரு மின்குமிழ், இரண்டு பத்திரிகை, ஒரு கரம் போர்ட் போதும்.

விளையாட்டுக் கழகம் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. வெற்றிக்காக மட்டும் நடக்கும் கழகம் பதினொரு பேரை வைத்துக்கொண்டு முப்பது பேரை மதகுக்கு அனுப்புகிறது. ஆட வராதவனுக்குத்தான் கழகம் அதிகம் தேவை. புள்ளி எழுதுபவன், கோடு போடுபவன், வலை கட்டுபவன், பந்துக்குக் காற்றடிப்பவன் என்று பதவிகளைக் கண்டுபிடியுங்கள். பதவிக்குப் பெயர் வையுங்கள். அந்தப் பெயரை மைதானத்தில் சத்தமாகக் கூப்பிடுங்கள். குழுக்காரன் அவனுக்குக் கொடுக்கும் பெயரைவிட இது முதலில் வர வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது முழங்கால் தண்ணீரில் முதியவர்களைத் தூக்கி வந்தவர்களில், ஊர் அதற்கு முன்பே "உருப்படாதவன்" என்று எழுதி வைத்த இரண்டு பேர் இருந்தார்கள். வெள்ளம் வடிந்த பின் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அடுத்த வெள்ளத்துக்குத்தான் மறுபடி கூப்பிடுவோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1958, 1977 கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை, மூன்றாம் தலைமுறையிலும் "அந்தப் பக்கத்துப் பெடியன்" என்று ஒதுக்கும் பழக்கம் இங்கே உண்டு. களவு போனால் முதல் சந்தேகம் அவர்கள் மேல், கழகத் தெரிவில் கடைசி இடம் அவர்களுக்கு. ஒதுக்கப்பட்டவனைச் சேர்த்துக்கொள்ளக் குழுவுக்குச் சாதியும் தேவையில்லை, ஊரும் தேவையில்லை. இந்த ஒரு விடயத்தில் அது நம்மைவிடத் தாராளமாக இருக்கிறது என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விளையாட்டுப் போட்டியில் தொடங்கும் சண்டைகள் வாள்வெட்டில் முடிந்த கதைகள் உண்டு. முதல் அடி விழுந்த அன்றே இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார வேண்டும். சிறு பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை, செலவும் இல்லை. இரண்டு கிழமை ஆறப் போட்டால் அது பிணக்காக இருக்காது, பழியாகிவிடும்.

எட்டாம் படி: பிடிபட்டுவிட்டால்

ஓடி ஒளிக்காதீர்கள். பிள்ளையையும் ஒளிக்காதீர்கள்.

பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு மேல் என்றால் உடனே சட்டத்தரணி தேவை. காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அவரை உளவாளியாகப் பார்க்காதீர்கள். நீதிவானுக்குப் போகும் அறிக்கையை எழுதுபவர் அவர். பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழ், கழகத்தின் கடிதம், பயிற்சிக்கு விண்ணப்பித்த படிவம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள்.

போதைப்பொருள் வழக்கு மற்றவற்றைப் போலல்ல. ஹெரோயின் 2 கிராம் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை என்பது பழைய சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐஸ் 5 கிராமுக்கும் அதே தண்டனை. ஐந்து கிராம் என்றால் ஒரு தேக்கரண்டிச் சீனி. "பையைக் கொடுத்துவிடு" என்று சொன்னவன் அதன் நிறையைச் சொல்வதில்லை. பழக்கமே பிரச்சினை என்றால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும், மனம் உடைந்து விபரீதமாகப் பேசினால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸின் அவசர இலக்கம் 119.

ஒன்பதாம் படி: திரும்பி வருகிறவனுக்கு இடம் வையுங்கள்

பிணையில் வந்த பிள்ளை முதலில் பார்ப்பது தெருவைத்தான். யார் சிரிக்கிறார்கள், யார் படலையைச் சாத்துகிறார்கள் என்று பார்ப்பான். எல்லோரும் சாத்தினால் திறந்திருக்கும் ஒரே இடம் மதகு. அங்கே அவனுக்கு இப்போது மதிப்பும் கூடியிருக்கும்.

அவனைக் கூட்டத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். மேடையில் ஏற்றி "திருந்தியவன்" என்று மாலை போடவும் வேண்டாம். அதுவும் ஒரு வகை அவமானம். வழக்கு என்ன, உள்ளே எப்படி, யார் யார் இருந்தார்கள் என்று கிளறாதீர்கள். பழைய ஆட்களிடமிருந்து அழைப்பு வரும். அந்த அழைப்பு வரும் மாலை நேரங்களில் அவன் தனியே இல்லாதபடி வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தது ஆறு மாதத்துக்கு.

கழகத்தில் வேலைப் பட்டியல் ஒன்று ஒட்டியிருப்போம்: திங்கள் யார் வலை கட்டுவது, யார் அவிழ்ப்பது என்று. அவன் வந்த கிழமையே அதில் அவன் பெயரை எழுதி விடுகிறோம். சொல்லி அனுப்புவதில்லை, எழுதி விடுகிறோம், யாராவது பார்த்துச் சொல்வார்கள். முதற்கிழமை வர மாட்டான். இரண்டாம் கிழமையும் பெரும்பாலும் வர மாட்டான். வேறொருவன் அவனுக்காகக் கட்டிவிடுவான். பெயரை மட்டும் அழிப்பதில்லை.